இல்லாத சாக்கு

தம்பி,

வீடு முழுக்க நனைந்த குடைத்துணி வாசம். நேற்று உன் மகள் பந்தலூர் பஸ்ஸில் வந்து இறங்கினாள். குடையை அடுப்புப் பக்கம் விரித்து வைத்த கையோடு புத்தகத்தைத் திறந்துவிட்டாள். ஐந்து வருடப் படிப்பு. சட்டமும் மனுசன் மனசும் சேர்த்து ஒரே பட்டம்! அவள் காலேஜில் சேர்ந்ததைப் பார்க்காமலே கண்ணை மூடிவிட்டாய். நான் சொல்லச் சொல்ல இதை எழுதுவதும் அவள்தான். எனக்குக் கைநாட்டுதானே.

"பெரியப்பா, கேள்வியை ஒரு மாதிரி கேட்டா, பார்க்காததையும் பார்த்ததா ஆளுங்க நம்பிடுவாங்களாம்" என்று படித்துச் சொன்னாள்.

"அடியே, அது நான்தான்!" என்று கத்திவிட்டேன்.

"புஸ்தகத்துல உங்க பேரு இல்லையே" என்று சிரித்தாள்.

அவளுக்கு எங்கே தெரியும்? குன்னூர் ஏலத்தில் தேயிலைத் தூள் விலை விழுந்து, எஸ்டேட்டில் வாரம் மூன்று நாள் மட்டும் வேலை கொடுத்த காலம். ஆளைக் குறைக்கக் காரணம் தேடினார்கள். ஃபேக்டரியில் ஒரு சாக்குத் தூள் காணாமல் போக, பழி உன்மேல் விழுந்தது. வேலை போனால் எஸ்டேட் கொடுத்த லயத்து வீடும் போகும்.

சாட்சி நான். காலையில் பேர் கூப்பிடும் பிரட்டில் யார் பக்கத்தில் யார் நின்றார் என்று மாதம் கழித்தும் சொல்லுவேன். அந்தத் திமிரோடு போய் நின்றேன்.

"சாக்கைத் தூக்கிக்கிட்டு அவன் எந்தப் பக்கம் போனான்?" என்றார் விசாரணைக்கு வந்த அதிகாரி.

"ஆத்துப் பக்கங்க."

நீ ஆற்றுப் பக்கம் போனது நிஜம். ஆனால் அவர் கேட்டதுமே என் கண்ணுக்குள் உன் தோளில் சாக்கு ஏறிக்கொண்டது. அதில் ஈரம் சொட்டியதுகூடத் தெரிந்தது! எழுதியதை வாசிக்கச் சொல்லிக் கேட்காமலே மையில் விரலை வைத்துவிட்டேன்.

"நான் ஒண்ணு கேக்கலாங்களா?" என்றாய் அதிகாரியிடம், கோபமே இல்லாமல். பிறகு என்னைப் பார்த்து, "அண்ணே, அப்ப மழையா?"

"கொட்டுச்சே."

"குடை?"

"வலது கையில. கம்பி ஒடிஞ்ச குடை."

"இடது கையில?"

"பாப்பாவை அணைச்சிருந்தே. காய்ச்சல்னு ஆத்துக்கு அந்தாண்ட டிஸ்பென்சரிக்கு..."

மை காயாத விரலைப் பார்த்தேன்.

"அப்ப சாக்கைப் பல்லால தூக்க ஏலுமாண்ணே?"

வாசலில் நின்ற கொழுந்துக்காரப் பெண்கள் சிரித்த சிரிப்பில் அதிகாரி பேனாவை மூடினார். நான் விரலை வேட்டியில் துடைத்துக்கொண்டேன். உன் வேலையும் வீடும் தப்பின.

வெளியே வந்தும் உன் முகத்தைப் பார்க்கக் கூசினேன். "அவரு சாக்கைக் குடுத்தாரு, நீங்க வாங்கிட்டீங்க, அவ்வளவுதாண்ணே" என்றாய்.

அதைத்தான் தம்பி, உன் மகள் ஐந்து வருடம் படிக்கிறாள்!

இந்த இடத்தில் எழுதுவதை நிறுத்திவிட்டாள். "அந்தப் பாப்பா நானா?"

"நீயேதான். உன்னாலதான் உங்கப்பனுக்குக் கை ஒழியல."

எழுந்து போய்க் குடையை மடக்கி வைத்தாள். பிறகு, "அந்தச் சாக்கு இன்னமும் கண்ணுல தெரியுதா பெரியப்பா?" என்றாள்.

தெரிகிறது. குடையும் பாப்பாவும் தெரிகிற அதே தெளிவோடு தெரிகிறது. இல்லாத சாக்கு, அவ்வளவு ஈரமாக.

மடல் முடிந்தது, மையை எடுத்து வைத்திருக்கிறாள். கைநாட்டு வைக்கும் முன் முதலிலிருந்து வாசிக்கச் சொல்லியிருக்கிறேன். கேட்டுக்கொண்டிருக்கிறேன், தம்பி.