டயானா ஹால்ட்

என் அக்கா பெற்ற செல்லத்துக்கு, அந்தமான் ஹட் பேயிலிருந்து மாமா எழுதுவது.

காட்டில் வெட்டிய மரங்களை ஏற்றி ஓடிய நம் டிராம் தண்டவாளத்தைப் பெயர்த்துவிட்டு, நடக்கவும் சைக்கிள் விடவும் பாதை போட்டுவிட்டார்கள். முக்கால்வாசி யோசனை என்னுடையதுதான். என்னைக் கேட்காமல் இன்ஜினியர் ஒரு கல்லைக்கூட வைக்கவில்லை.

பழைய நிறுத்தங்களுக்குப் பெயர்ப்பலகை வேண்டும் என்றார். நிறுத்தம் என்று ஒன்று இருந்தால்தானே? பள்ளிக்கூடம் விட்டதும் உன்னை டிராலியில் ஏற்றிக்கொள்வேனே, அந்தப் படாக் மரத்தடியைக் காட்டினேன். டயானா என்று ஒரு வெள்ளைக்கார ஆராய்ச்சிக்காரி, பட்டாம்பூச்சி பிடிக்க இங்கேதான் இறங்குவாள் என்றேன்.

“பக்கா, சாச்சா?” என்று இந்தியில் உறுதி கேட்டார்.

“பக்கா, சாப். குடை பிடிச்சதே நான்தான்.”

இப்போது அங்கே ‘டயானா ஹால்ட்’ என்று மூன்று மொழியில் உன் பெயர் நிற்கிறது. டூரிஸ்டுகள் சைக்கிளை நிறுத்திப் படம் எடுக்கிறார்கள்.

நீ கல்யாணம் முடிந்து மெயின்லேண்டுக்குக் கப்பல் ஏறிய அன்று நான் ஜெட்டிக்கு வராதது காய்ச்சலால்தான். நூற்றெட்டு டிகிரி. உன் வீட்டுக்காரர்மேல் எனக்கு ஒன்றுமில்லை. இதை எழுத ஆறு வருஷமாக நேரம் கிடைக்கவில்லை, வேலை அப்படி.

சாயங்காலம் அந்தப் பலகைக்குக் கீழேதான் உட்கார்ந்திருப்பேன். இளநீர் விற்கும் பெங்காலி அம்மாள் நேற்று, “அந்த டயானா அப்புறம் வரவே இல்லையா?” என்று கேட்டாள். அடுத்த கப்பலில் வருகிறாள் என்று சொல்லிவிட்டேன்.

இத்தனை வருஷத்தில் நான் அவிழ்த்துவிட்ட கதைகளில் இது ஒன்றாவது நிஜமாகட்டும், கண்ணு. உன் வீட்டுக்காரரையும் அழைத்துக்கொண்டு வா.

குடையோடு காத்திருக்கும்,
உன் மாமா