சிக்னல் இல்லாத சாலைக்கு ஒரு வரைபடம்

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம், நீயும் வேளைக்குச் சாப்பிட்டு, தூங்கி, நன்றாக இருப்பாய் என்று நம்புகிறேன். நெட் இல்லாமல் வழி காட்டும் ஆப் எதற்கும்மா, ரிட்டயர் ஆகப்போகிற நேரத்தில் ஊர் சுற்றப் போகிறாயா என்று போனில் கேலி செய்தாய். நானும் சிரித்து மழுப்பிவிட்டேன். சொல்ல ஆரம்பித்தால் அழுதுவிடுவேன் என்றுதான் எழுதுகிறேன். போன மாதம் கல்குவாரிக்கு அந்தப் பக்கம் ஒரு பெண்ணுக்கு வலி எடுத்துவிட்டது. அங்கே போகிற நர்ஸ் லீவு, அவளை விட்டால் பக்கத்தில் நர்ஸ் நான்தான், ஆம்புலன்ஸும் வேறெங்கோ போயிருந்தது, அதனால் என் காரிலேயே கிளம்பினேன். காட்டுக்குள் நுழைந்ததும் சிக்னல் போய்விட்டது. போனில் ஒரு தெருவும் இல்லை, வெள்ளைத் திரையில் நீல அம்பு மட்டும் நின்றது. வழி கேட்க ஆளும் இல்லை. இரண்டு முறை தப்பாகத் திரும்பி, இருபது நிமிடப் பாதைக்கு ஒரு மணி நேரம் ஆக்கிவிட்டேன். போனபோது குழந்தை பிறந்திருந்தது, கழுத்தில் கொடி சுற்றி. என்னென்னவோ செய்து பார்த்தேன், மூச்சு வரவே இல்லை. ஆண் குழந்தை. சீக்கிரம் போயிருந்தாலும் பிழைத்திருக்குமா என்று சொல்ல முடியாது என்றார் டாக்டர். அந்தச் 'சொல்ல முடியாது'தான் கண்ணு என்னைத் தூங்க விடவில்லை.

அப்புறம் மூன்று ஞாயிற்றுக்கிழமை, நெட்டை அணைத்துவிட்டு, ஒவ்வொரு ஆப்பாகப் போட்டு அதே சாலையில் போய்ப் பார்த்தோம். ஒன்றில் பெரிய ரோடு மட்டும்தான் இருந்தது. இன்னொன்று வளைவைத் தாண்டிய பிறகுதான் திரும்பு என்றது. "போனுக்குள்ள இருக்கறவ ரைட்டுங்கறா, நீ நேரா போங்கற, நான் யாரு பேச்சைக் கேக்கறது" என்று அப்பா என்னைச் சிரிக்க வைக்கப் பார்த்தார். மூன்றாவதுதான் சரி. வீட்டிலேயே முழு வரைபடத்தையும் போனில் இறக்கி வைத்துக்கொள்ளலாம், குவாரி மண்பாதைகூட இருக்கிறது, இல்லாத வீட்டை நாமே குறித்துக்கொள்ளலாம்.

நேற்று அதைப் போட்டுக்கொண்டு அந்தப் பெண்ணைப் பார்க்கப் போனேன். வாசலுக்கு வந்து, "இந்தத் தடவை வழி தெரிஞ்சுதாக்கா?" என்றாள். குத்திக் கேட்டிருந்தால் தாங்கியிருப்பேன். அவள் எனக்காகத்தான் கவலைப்பட்டுக் கேட்டாள். பிரஷர் பார்க்க வேண்டும், கையை நீட்டும்மா என்றேன். நீட்டினாள். இரண்டு முறை பார்த்தும் எண் மனதில் நிற்கவில்லை, மூன்றாவது முறையும் அவள் கையைக் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

நீ எந்தக் குறையும் இல்லாமல் நீண்ட நாள் வாழ வேண்டும். தூரமாக வண்டி எடுத்தால் படத்தை இறக்கிவிட்டுக் கிளம்பு, மறக்காதே. போனில் இதைப் பற்றிக் கேட்காதே, வேறு ஏதாவது பேசு.

உன் அம்மா