நெருக்கத்துக்கு ஏழு

டாக்குரியா, கல்கத்தா
9.1.1999

அன்புள்ள சிவராம்,

ஒரு பிரமாதமான சமாசாரம்! வயது வந்தவர்கள் ஒருவரோடு ஒருவர் எப்படி ஒட்டுகிறார்கள், எப்படி விலகுகிறார்கள் என்று அளக்கும் கேள்வித்தாளை என் மனோதத்துவ ஆராய்ச்சிக்காகத் தமிழாக்கி முடித்துவிட்டேன்! லேக் மார்க்கெட் பக்கத்துத் தமிழர்கள் அறுபது பேரிடம் கொடுத்தாயிற்று. உங்களுக்கும் ஒன்று. ஒன்று முதல் ஏழு வரை மார்க். ஏழு என்றால் 'முழுக்க உண்மை'. கல்யாணத்துக்குச் சம்மதமா என்று கேட்டிருந்தீர்களே, முதலில் இதை நிரப்பி அனுப்புங்கள். கோபம் வேண்டாம், ஆராய்ச்சிப் புத்தி!

கல்பனா

கரக்பூர்
17.1.1999

அன்புள்ள கல்பனா,

கல்யாணம் கேட்டவனுக்குப் பரீட்சை வைக்கிற ஆளை இப்போதுதான் பார்க்கிறேன். நிரப்பிவிட்டேன். ரயில்வே ஆபீஸில் பாதிப் பேர் எட்டிப் பார்த்தார்கள். ரிசல்ட்டைச் சீக்கிரம் சொல்லு.

சிவராம்

டாக்குரியா
25.1.1999

சிவராம்,

'நெருக்கம் எனக்குச் சங்கடமாக இருக்கிறது' என்பதற்கு ஏழு போட்டிருக்கிறீர்கள். இரண்டு நாள் அழுதேன். என் சிநேகிதி லதாவின் அண்ணனாக இத்தனை வருஷம் தெரிந்த மனிதரா இது? இந்தப் பேச்சை இத்துடன் விட்டுவிடலாம்.

கல்பனா

டாக்குரியா
29.1.1999

சிவராம்!

போன கடிதத்தைக் கிழித்துப் போடுங்கள்! அறுபதில் ஐம்பது பேர் அதே கேள்விக்கு ஏழு! பதறிப்போய், தாளை நிரப்பித் தந்த பக்கத்து வீட்டு அலமு மாமியிடம் ஓடினேன். "நெருக்கம்னா எனக்கு ஆகவே ஆகாதுடி! ஆபீஸ் நேரத்துல மினிபஸ்ல ஏறிப் பாரு, பிராணன் போயிடும்!" என்கிறாள். ஐயோ, எல்லோரும் கூட்ட நெரிசல் என்று நினைத்திருக்கிறார்கள்! தப்பு என் தமிழில்! நீங்களும் லோக்கல் ரயிலை நினைத்துத்தானே போட்டீர்கள்? ஆமாம் என்று ஒரே ஒரு வரி எழுதுங்கள், அது போதும்.

கல்பனா

கரக்பூர்
4.2.1999

அன்புள்ள கல்பனா,

ஆமாம் என்று எழுத ஆசையாகத்தான் இருக்கிறது. ஆனால் கேள்வி எனக்குச் சரியாகவே புரிந்தது. யாராவது மனசுக்குக் கிட்டே வந்தால் எனக்கு உதறல் எடுக்கும். உன்னிடம் கேட்க ஒன்றரை வருஷம் ஆனது அதனால்தான். அந்த உதறலோடுதான் கேட்டேன். இப்போதும் அதோடுதான் தினமும் தபால்காரரைப் பார்க்கிறேன். பொய் சொல்லி உன்னைக் கட்டிக்கொள்ள மனசு வரவில்லை.

சிவராம்

டாக்குரியா
9.2.1999

அன்புள்ள சிவராம்,

வார்த்தையை மாற்றிப் புதுத் தாள் அச்சடித்தாயிற்று. ஊரையெல்லாம் கேட்டவள், நேற்றுத்தான் முதல் தடவையாக நானே உட்கார்ந்து நிரப்பினேன்.

எனக்கும் ஏழு!

சம்மதம். ஞாயிற்றுக்கிழமை புறப்பட்டு வாருங்கள். அப்பாவிடம் தனியாகச் சொல்ல எனக்குப் பயமாக இருக்கிறது.

உங்கள்
கல்பனா