நீ குடிக்காமலிருந்த பதினொரு மாதங்கள்

தம்பி,

இன்று காலை உருத்திரபுரத்திலிருந்து கிளிநொச்சிக்குப் போகும் பஸ்ஸில் கூட்டம். முன் சீற்றில் இருந்தவர் எழும்பி, "அக்கா, இதில இருங்கோ" என்றார். அவர் வாய் திறந்ததும் கசிப்புச் சாராய மணம் என் முகத்தில் அடித்தது. மரியாதையான மனிதர்தான். என்றாலும் நான் இருக்காமல் பஸ்ஸின் பின்பக்கம் நகர்ந்துவிட்டேன். நீ போய் இரண்டு வருடம் ஆகிறது. என் மூக்கு இன்னும் காவலை விடவில்லை.

உன் மனைவி மகளையும் கூட்டிக்கொண்டு செட்டிகுளத்தில் தாய் வீட்டுக்குப் போன பிறகுதான் நீ என்னிடம் வந்தாய். அவளை நான் ஒருநாளும் குறை சொன்னதில்லை. அவள் பொறுத்தது போதும். எனக்கும் வேறு ஆள் இல்லை. வீட்டில் நீயும் நானும்தான். பின்னேரமானால் நான் வாசல் படலையடிக்குப் போய்விடுவேன். ஒழுங்கையில் உன் சைக்கிள் நேராக வருகிறதா, வேலிக்கு வேலி இடித்துக்கொண்டு வருகிறதா என்று கேட்டே தெரிந்துகொள்வேன். நேராக வந்தாலும் விடமாட்டேன். "வாயை ஊது" என்பேன். நாற்பதை எட்டப்போகிற ஆம்பிளை, பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி என் முகத்துக்கு நேரே ஊதுவாய். சில நாளில் கொய்யா இலையைச் சப்பிக்கொண்டு வருவாய். அதையும் தாண்டி எனக்கு மணக்கும். அன்றிரவு நாங்கள் இருவரும் சாப்பிடமாட்டோம்.

உன்னை இரண்டு தரம் குடியை நிறுத்தும் சிகிச்சை நிலையத்துக்குக் கொண்டுபோனேன். முதல்தரம் சின்னம்மாவின் பெடியன்கள் இருவர் உன் கையைப் பிடித்து வான் வண்டியில் ஏற்றினார்கள். ஆறாம் நாள் நீ மதிலேறிக் குதித்து வந்துவிட்டாய். இரண்டாம்தரம் பொய் சொன்னேன். கண் டொக்டரிடம் காட்டப் போகிறோம் என்று சொல்லிக் கூட்டிப்போனேன். அங்கே வாசலில் விஷயம் விளங்கியதும் நீ சத்தம் போடவில்லை. என்னைப் பார்த்து, "என்னைக் கொண்டுவரலாம் அக்கா. ஆனா நான் வரோணுமெல்லோ" என்று மட்டும் சொன்னாய். எனக்குக் கோபம் வந்தது. நான் படும் பாட்டுக்கு இவன் நியாயம் கதைக்கிறான் என்று நினைத்தேன். அந்தத் தரம் மூன்று கிழமை இருந்தாய். வந்த அன்றே குடித்தாய்.

பிறகு ஒரு காலை, நான் கேட்காமலே நீ குளித்து, வெள்ளைச் சேட்டுப் போட்டுக்கொண்டு குசினி வாசலில் வந்து நின்றாய்.

"அக்கா, என்னை அங்க கொண்டுபோய் விடுங்கோ. இந்தமுறை ஒருத்தரும் பிடிக்கத் தேவையில்லை."

என்ன நடந்தது என்று கேட்டேன். நீ நிலத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னாய்.

"நேற்று வாய்க்கால் கரையில விழுந்து கிடந்தனான். எல்லாம் கேட்டுது, எழும்பத்தான் ஏலேல்லை. பள்ளிக்கூடத்தால வந்த பிள்ளையள் நிண்டு பாத்ததுகள். ஒண்டு 'செத்துப்போனாரோ?' எண்டு கேட்டுது. மற்றது 'இல்லையடி, உவர் எப்பவும் இப்பிடித்தான்' எண்டுது." பிறகு, "என்ர பிள்ளையின்ர வயசுதான் அக்கா அதுகளுக்கு" என்றாய்.

நான் அடுப்பை அணைத்துவிட்டு உன்னோடு புறப்பட்டேன். வழி முழுக்க, அடுத்த சந்தியில் இறங்கி ஓடிவிடுவாயோ என்று உன் முழங்கையைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். நீ ஓடவில்லை. உள்ளே போகும்போது திரும்பியும் பார்க்கவில்லை.

மூன்று மாதத்தில் மெலிந்துபோய் வந்தாய். வந்த மூன்றாம் நாள் படலையில் நான் வழக்கம்போல் முகத்தை நீட்டினேன். நீ சைக்கிளை நிறுத்திவிட்டு மெதுவாகச் சொன்னாய்: "அக்கா, இனி என்ர வாயை மணக்காதேங்கோ. நீங்கள் மணக்கேக்குள்ள, நான் இண்டைக்கும் குடிச்சிருக்கலாம் எண்டுதான் எனக்குத் தோணுது."

சரி என்றேன். அந்தச் 'சரி' எனக்கு லேசாக இருக்கவில்லை. நீ வீட்டுக்குள் வரும்போது அடுப்பின் பக்கம் திரும்பி மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். நீ அதையும் கண்டுபிடித்துச் சிரித்தாய். "மூச்சை விடுங்கோ அக்கா, ஆபத்தில்லை" என்றாய். என்றாலும் நான் சொல்லைக் காப்பாற்றினேன்.

நீ குடியை விட்டுப் பதினொரு மாதமாகியிருந்தது; நெல் கதிர் முற்றிய காலம். பன்றி இறங்குகிறது என்று வயல் கொட்டிலில் காவலுக்குப் போய்ப் படுத்தாய். மறுநாள் விடிந்து வெகுநேரத்துக்குப் பிறகுதான் வந்தாய். சைக்கிள் இல்லை. வேலியைப் பிடித்துப் பிடித்து நடந்து வந்தாய். கண் இமை பாதி மூடியிருந்தது. வாய் குழறியது. "அக்கா... வயிறு..." என்றாய்.

பதினொரு மாதமும் என் கண்முன்னே இடிந்து விழுந்தது. "திரும்பத் தொடங்கிட்டாய், என்ன?" என்று கத்தினேன். நீ இல்லை என்று தலையை ஆட்டினாய். கையைத் தூக்கி உன் வாயைக் காட்டினாய். மணந்து பார் என்றுதான் காட்டியிருக்கிறாய். நான் பார்க்கவில்லை. உன் மூஞ்சையைப் பார்க்கவே பிடிக்காமல் உள்ளே போய்ச் சட்டி பானைகளைப் போட்டு உரஞ்சினேன். நீ வாசற்படியில் இருந்தாய். அரை மணித்தியாலம் இருக்கும்.

நீ சரிந்து விழுந்த சத்தம் கேட்டுத்தான் ஓடிவந்தேன். தலையைத் தூக்கி மடியில் வைத்தபோது உன் மூச்சு என் முகத்தில் பட்டது. ஒரு மணமும் இல்லை. வெறும் மூச்சு.

பக்கத்து வீட்டு ஓட்டோவில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு ஓடினோம். உன் காதுக்குப் பின்னால் இரண்டு சின்னப் புள்ளிகளை டொக்டர்தான் கண்டுபிடித்தார். "கட்டுவிரியன் பாம்பு கடிச்சிருக்கு அம்மா. நித்திரையில கடிச்சால் கனபேருக்குத் தெரியாது. குடிவெறியில நிக்கிற ஆக்கள் மாதிரித்தான் வருவினம்" என்றார். முந்திக் கொண்டுவந்திருந்தால் தப்பியிருப்பானா என்று கேட்டேன். அவர், "சொல்லேலாது" என்றார். இன்றுவரைக்கும் அந்த ஒரு சொல்தான் என்னிடம் இருக்கும் பதில்.

மூச்சுக் கருவியில் நான்கு நாள் இருந்தாய். உனக்குக் காது கேட்கும் என்று தாதி சொன்னாள். உன் காதோடு வாயை வைத்து, "நீ குடிக்கேல்லை, எனக்குத் தெரியும்" என்று சொன்னேன். நூறு தரமாவது சொல்லியிருப்பேன். ஒருதரம் உன் விரல் அசைந்த மாதிரி இருந்தது. அசைந்ததோ, நான் நினைத்துக்கொண்டேனோ தெரியாது.

செத்தவீட்டில் பந்தலுக்குள் இருந்து ஒருவர், "வெறியில கிடந்திருப்பான், பாம்பு கடிச்சது எங்க தெரியப்போகுது" என்று மெதுவாகச் சொன்னது எனக்குக் கேட்டது. நான் உன் தலைமாட்டிலிருந்து எழும்பினேன். "என்ர தம்பி பதினொரு மாதமாக் குடிக்கேல்லை. அண்டைக்கும் குடிக்கேல்லை. நானும் உங்களைப் போலதான் நினைச்சனான். அதால அரை மணித்தியாலம் அவனை வாசலில இருத்தி வைச்சனான்" என்றேன். உன் மனைவி வந்து என்னைப் பிடித்து இருத்தினாள்.

உன் மகளுக்குப் பன்னிரண்டு வயதாகிறது. பள்ளிக்கூட விடுமுறைக்கு என்னிடம் வருகிறாள். ஒருதரம் வந்தபோது, "மாமி, அப்பாவை நினைச்சால் அவர் விழுந்து கிடக்கிறதுதான் எனக்கு ஞாபகம் வருது. வேற ஒண்டும் வருகுதில்லை" என்று சொல்லி அழுதாள்.

அன்றிலிருந்து அந்தப் பதினொரு மாதத்தை அவளுக்குச் சொல்லத் தொடங்கியிருக்கிறேன். சிகிச்சை நிலையத்தில் உனக்கு நடுக்கம் எடுத்தபோது கட்டிலைப் பிடித்துக்கொண்டு அவளுடைய பெயரைச் சொன்னாயாம், அதைச் சொன்னேன். பழைய கூட்டாளி போத்தலோடு வந்தபோது, அவரை இருத்தித் தேத்தண்ணி கொடுத்து அனுப்பியதைச் சொன்னேன். நான் உன்னை வாசலில் விட்டுவிட்டு உள்ளே போனதையும் மறைக்கவில்லை. அவள் கேட்டுக்கொண்டே இருக்கிறாள். ஒரு நாளையும் விட்டுவிடாமல் சொல்லவேண்டும். நாள் நாளாகச் சொல்லிக்கொண்டு போகிறேன், இன்னும் ஐந்தாவது மாதம்கூட முடியவில்லை.