ஆழ்கடல் விருந்தாளிகளுக்குக் கஞ்சி

பக்கத்து வீட்டிலிருந்து தூக்குவாளியில் நோன்புக் கஞ்சி வந்தது. மூடியைத் திறந்ததும் பூண்டும் புதினாவும் கலந்த ஆவி முகத்தில் அடித்தது. கூடவே நீயும் வந்துவிட்டாய். நீ இல்லாமல் வருகிற முதல் ரம்ஜான் இது. கஞ்சியை அப்படியே வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் அழுதேன். பார்த்திருந்தால், "இன்னாடி, உப்பு கம்மியா?" என்று கேட்டிருப்பாய்.

எண்பதுகளின் தொடக்கம். வேலூர்க் கல்லூரி ஒன்றின் நுண்ணுயிரியல் ஆய்வுக்கூடத்தில் நாம் இருவரும் ஆராய்ச்சி மாணவிகள். நான் குடியாத்தத்தில் தறிச் சத்தத்தில் வளர்ந்தவள்; நீ ஆம்பூர் தோல் மண்டி வீட்டுப் பெண். மற்றவர்கள் தோலைக் கெடுக்கும் பாக்டீரியாவை ஆராய, நீ மட்டும் கடலைப் பிடித்துக்கொண்டாய். ஆய்வுக் கப்பல்காரர்களுக்கு எழுதி எழுதி நச்சரித்து, ஆழ்கடல் அடித்தரையில் குழாய் இறக்கி எடுத்த சேற்றை ஐஸ் பெட்டியில் வரவழைத்தாய். வெளிச்சமே படாத, தின்ன ஏதும் கிடைக்காத அந்தச் சேற்றுக்குள் உயிர் இருக்கிறது என்பது உன் கட்சி. அதை வளர்த்துக் காட்டினால்தான் உன் ஆராய்ச்சி நிற்கும்.

கெட்டியாக இறைச்சிச் சாறு காய்ச்சி, சேறு போட்ட குழாய்களில் ஊற்றினாய். "ஆழ்கடல்லேர்ந்து வந்த விருந்தாளிங்கடி. கம்மியா போட்டா ஆம்பூர் மானம் இன்னா ஆவறது?" ஒன்றும் வளரவில்லை. மறுபடி, இன்னும் ஜாஸ்தியாக ஊற்றினாய். அப்போதும் இல்லை. மிஞ்சியது எலுமிச்சம்பழம் அளவு சேறு. துறைத் தலைவரோ, "அது செத்த சேறும்மா, ஃப்ரிட்ஜைக் காலி பண்ணுங்க" என்றார்.

அன்று உனக்கு நோன்பு. மாலையில் பள்ளிவாசல் கஞ்சியோடு ஆய்வுக்கூட வாசலில் உட்கார்ந்தாய். "நாள் பூரா பட்டினி, மொதல்ல இத துன்னுடி" என்று என் பிரியாணிப் பொட்டலத்தை நீட்டினேன்.

"காலி வயித்துல அத போட்டா பேஜாராய்டும். மொதல்ல கஞ்சிதான்" என்ற நீ, கையில் பேரீச்சம்பழத்தோடு அப்படியே எழுந்து நின்றாய். "அடியே, அதுங்களுக்கு நான் பிரியாணி போட்டுட்டேன்டி!"

மிச்சச் சேற்றுக்குச் சாற்றை நீர்க்க நீர்க்கக் கரைத்து, கடல் உப்பை மட்டும் சரிக்கட்டி ஊற்றினாய். அதிலும் பாதிச் சேற்றைக் கொதிக்க வைத்து, ஒப்பிட்டுப் பார்க்க வேறு குழாய்களில் போட்டாய். இருக்கிற கொஞ்சத்தையும் சாகடிக்கிறாளே என்று எனக்கு வயிறு எரிந்தது. தலைவரிடம் போய், "பக்ரீத் வரைக்கும் டைம் குடுங்க சார்" என்றாய். அவரும் நல்ல மனிதர்தான், தலையாட்டினார்.

பக்ரீத்துக்கு ஊருக்குப் புறப்படும் நாளில் ஒரு குழாய் லேசாகக் கலங்கியிருந்தது. நான் கத்தினேன். நீ கத்தவில்லை. "இருடி, கொதிக்க வச்சத பாக்கலாம். அதுவும் கலங்கியிருந்தா இது வெளியேர்ந்து வந்த கிருமி." அவை எல்லாம் தெளிவாக இருந்தன. அதன் பிறகுதான் நுண்ணோக்கியில் குனிந்தாய். குட்டிக் குட்டிக் குச்சிகள். அவற்றில் ஒன்று நடுவில் ஒடுங்கி இரண்டாகப் பிரிந்துகொண்டிருந்தது. "உசுரு இருக்குடி" என்று என் தோளில் முகம் புதைத்தாய். ஆசைப்பட்ட பதில் கண்ணெதிரே வந்து நிற்கும்போது அதையே முதலில் சந்தேகப்பட்டாயே, அந்த நெஞ்சுரத்தை நான் வேறு யாரிடமும் பார்த்ததில்லை.

ஓய்வு பெற்ற பிறகும் பாடம் சொல்லப் போகிறேன். "ஒண்ணும் வளரல மேடம், செத்துப் போச்சு" என்று எந்தப் பிள்ளை வந்து நின்றாலும், குழாயைக் கையில் வாங்குவதற்கு முன்பே கேட்டுவிடுகிறேன்: "அதுக்கு நீ இன்னா குடுத்த?"