விலாசம் தெரிந்தவர்

மகளுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் உயிரோடுதான் இருக்கிறோம். நீ நலமா என்று கேட்க வேண்டும், ஆனால் அதையெல்லாம் நீ ஊரான் வீட்டுப் பெண்ணிடம்தான் சொல்வாய் போலிருக்கிறது. ‘அன்புள்ள’ என்று போடவில்லை, வேண்டுமென்றேதான் போடவில்லை.

செவ்வாய்க்கிழமை மதியம் சாப்பிட்டுக் கை கழுவும்போது போன் அடித்தது. சின்னப் பெண் குரல். உன் பெயரைச் சொல்லி, “அவங்களை எங்க பிடிக்கலாம்னு தெரியுமாம்மா, ஒரு ஆரோக்கியக் கணக்கெடுப்பு விஷயமா பேசணும்” என்றாள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பதினோரு வருஷமாக நான் வீடு வீடாகச் சொல்லும் வாக்கியமடி அது! கர்ப்பிணிகளைப் பிரசவம் வரை மாதாமாதம் பார்க்கும் எங்கள் ஆய்வில் சேர்ந்தவள் இரண்டு மாதம் தொடர்ந்து வராவிட்டால், சேரும்போது அவள் எழுதிக்கொடுத்த ஆளைக் கூப்பிட்டு இப்படித்தான் கேட்போம். பிள்ளை உண்டாகியிருப்பதைப் பற்றி மூச்சு விடக் கூடாது. நானும் அவள் வாயைக் கிண்டிப் பார்த்தேன், ஒன்றும் பெயரவில்லை, நன்றாகப் பழக்கியிருக்கிறார்கள். ஆனால் நான் இந்த வேலையில் பழம் தின்று கொட்டை போட்டவள். மூன்றாம் மாதம் சேர்ப்பார்கள், இரண்டு முறை தவறினால்தான் தேடுவார்கள், ஆக ஐந்து மாதத்துக்குக் குறையாது. பாட்டியாகப் போகிற சேதி எனக்கு இப்படித்தான் வந்தது, ரொம்ப அழகு.

மூன்று வருஷத்துக்கு முன்னால் வாசலில் பெட்டியோடு நின்று என்ன சொன்னாய், ஞாபகம் இருக்கிறதா? “ஊர்ல இருக்கற பிள்ளைத்தாய்ச்சிக்கெல்லாம் எந்த மாசம்னு உனக்குத் தெரியும், நான் எந்த வகுப்பு படிச்சேன்னு தெரியுமா” என்றாய். இப்போது என் பெண்ணுக்கு எந்த மாதம் என்றே எனக்குத் தெரியவில்லை. திருப்திதானே? அப்பாவிடம் சொன்னேன். “எங்கேயோ நல்லா இருந்தா சரி” என்று ரேடியோவைச் சத்தமாக வைத்துக்கொண்டார். வந்த கோபத்துக்கு அதைப் பிடுங்கி எறிந்திருப்பேன், அவர் கண்ணைத் துடைப்பதைப் பார்த்துவிட்டுச் சும்மா இருந்தேன்.

பரிசோதனைக்கு ஏன் போகவில்லை என்று நீ எனக்குச் சொல்ல வேண்டாம், எல்லாச் சாக்கும் எனக்கு மனப்பாடம். கேட்டதையே கேட்கிறார்கள், ஒரு மணி நேரம் பெஞ்சில் உட்கார வைக்கிறார்கள், ரத்தத்தை எடுத்து என்ன செய்கிறார்களோ தெரியாது, வீடு மாறிவிட்டேன், எனக்கு ஒன்றும் இல்லை நன்றாகத்தான் இருக்கிறேன். மூன்றாவது மாடியில் ஒருத்தி கதவைத் திறக்கவே மாட்டாள், கொடியில் துணி சொட்டிக்கொண்டிருக்கும், உள்ளே மூச்சுச் சத்தம் கேட்கும். ஏழு தடவை ஏறி இறங்கினேன், எட்டாம் தடவை திறந்தாள். அவள் கால் இரண்டும் வீங்கி இருந்தது, அன்றைக்கே ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். நீயும் அப்படி உள்ளே நின்றுகொண்டு மூச்சை அடக்குகிறாயா? உன்னைச் சுமந்தபோது எட்டாம் மாதம் எனக்கு பிரஷர் எகிறிக் கண் மங்கிப்போனது, நீயும் நானும் தப்பித்ததே பெரிய விஷயம். இதை நீ அவர்களிடம் சொல்லியிருக்க மாட்டாய், ஏனென்றால் நானே உன்னிடம் சொன்னதில்லை. அது என் தப்பு. மற்றதெல்லாம் உன் தப்பு.

ஒன்று மட்டும் எனக்கு ஆறவில்லை. ஆய்வில் சேரும்போது எழுதும் அந்தப் படிவத்தை நான் ஆயிரம் தடவை நிரப்பியிருக்கிறேன். ‘நீங்கள் எங்கே போனாலும் உங்கள் விலாசம் தெரிந்தவர் யார்’ என்று கேட்டிருக்கும். மூன்று வருஷம் ஒரு போன் இல்லை, ஒரு வரி இல்லை, அந்த இடத்தில் போய் என் பெயரை எழுதியிருக்கிறாயே, உனக்கு வெட்கமாக இல்லை? எனக்கு எங்கேடி தெரியும்? அந்தப் பெண்ணிடம் தெரியாது என்று சொல்ல வேண்டியதாயிற்று. கூசிப் போனேன்.

அதனால் இதை அவள் அலுவலகத்துக்கே அனுப்புகிறேன். “அவங்களைப் பார்த்தா குடுக்கறேம்மா” என்றாள், அலுவலக விலாசத்தை மட்டும் கொடுத்தாள். இது உன் கையில் இருக்கிறதென்றால் அவள் உன் எதிரில் இருக்கிறாள். அவளிடம் முகத்தைக் காட்டாதே, என்னிடம் காட்டு. என் பிரஷர் கதையைச் சொல், அவள் எழுதிக்கொள்ளட்டும். நல்லபடியாகப் பெற்றுப் பிழைத்து நூறு வயசு இரு. படித்தது போதும், கடிதத்தை மடித்து வைத்துவிட்டுக் கையை நீட்டு, பிரஷர் பார்க்கட்டும்.

இப்படிக்கு,
உன் விலாசம் தெரியாத
அம்மா