மந்திரிக்கு அங்கே இடம் உண்டா?

பிப்ரவரி 6, செவ்வாய்

இன்றைக்கும் மந்திரியைத் தோளில் போட்டுக்கொண்டு மூன்றாவது மாடியிலிருந்து இறக்கி, மறுபடியும் ஏற்றினேன். காலையில் ஒரு தடவை, பட்டறையிலிருந்து வந்ததும் ஒரு தடவை. மந்திரி என்பது என் தங்கையின் நாய். கூப்பிட்டால் வராது, பகல் முழுக்கத் தூங்கும், எந்த வீட்டிலாவது விருந்து என்றால் முதல் ஆளாகப் போய் நிற்கும். அதனால் நான்தான் அந்தப் பெயரை வைத்தேன். இந்தத் தெருவில் இருக்கிற நல்ல பெயர்களில் பாதி நான் வைத்ததுதான்.

இப்போது அதற்குப் பின்னங்கால் இரண்டும் இல்லை. இருக்கிறது, வேலை செய்யவில்லை. கண்ணில் பாலாடை படிந்த மாதிரி ஒரு வெள்ளை. தூக்கினால் சிமெண்டு மூட்டைக் கனம். இரண்டாவது மாடிக்காரர் கதவைத் திறந்து பார்த்துவிட்டு, "இந்த வயசுல உங்களால எப்படிங்க முடியுது?" என்றார். "இதென்ன பெரிசு? ரெட்டைக் கதவு கேட்டை ஒத்தை ஆளாத் தூக்கி மாட்டினவன் நான்" என்றேன். நாலு பேர் தூக்கியதுதான். ஆனால் நான் கத்தவில்லை என்றால் அந்த நாலு பேரும் நகர்ந்திருக்க மாட்டார்கள். அது சத்தியம்.

தோள்பட்டை விண்விண் என்று தெறிக்கிறது. வெல்டிங் வெளிச்சம் பார்த்த கண் வேறு மண் விழுந்த மாதிரி உறுத்துகிறது. போதும்.

பிப்ரவரி 7, புதன்

மந்திரி பாயை நனைத்துவிட்டது. தங்கை அலசினாள், நான் பிழிந்தேன்.

பிப்ரவரி 9, வெள்ளி

கால்நடை டாக்டரம்மா வீட்டுக்கே வந்தார். நான் கூப்பிட்டால் வராமல் இருக்க முடியுமா? அவர் வீட்டு ஜன்னல் கிரில் என் கை வேலை. அதைப் பார்த்துவிட்டுத்தான் பக்கத்து வீட்டுக்காரன் தன் கிரில்லைப் பிடுங்கிப் போட்டான்.

வயிற்றில் கையை வைத்து அழுத்தினார். மந்திரி கத்தியது. கத்தியது என்றுகூடச் சொல்ல முடியாது, எண்ணெய் பார்க்காத கீல் முனகுகிற மாதிரி.

"உள்ள கட்டி பரவியிருக்குங்க. இனிமே வலி மட்டும்தான் மிச்சம். ஒரு ஊசி போட்டா தூங்கற மாதிரியே போயிடும். யோசிச்சுச் சொல்லுங்கம்மா."

தங்கை தையல் மெஷினுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாள். சக்கரத்தின் மேல் வைத்த கையை எடுக்கவே இல்லை. "வேண்டாம் டாக்டர்" என்று மட்டும் சொன்னாள். டாக்டரம்மா போன பிறகு நான் அவளைப் பிடித்துக்கொண்டேன்.

"ஏம்மா, இது படற பாட்டைப் பாத்துமா வேண்டாங்கற?"

"என் வீட்டுக்காரரு போனப்ப நான் தாங்கிக்கிட்டேன்ல? எப்படி? அவருக்கு அங்க ஒரு இடம் இருக்கு, போயிட்டாருன்னு நினைச்சேன். இதுக்கு எங்க இருக்கு? மிருகத்துக்கு ஆத்துமா இல்லைன்னா, இந்த மூச்சு ஒண்ணுதான் இதோட மொத்த சொத்து. அதை நான் எப்படிண்ணா புடுங்குவேன்? இருக்குன்னு மட்டும் தெரியட்டும், இன்னைக்கே அனுப்பி வச்சிருவேன்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஊசி போடுவதா வேண்டாமா என்பது டாக்டர் சமாச்சாரம் என்றுதான் நினைத்திருந்தேன். இது பரலோக சமாச்சாரம் ஆகிவிட்டதே.

எட்டாம் வகுப்போடு நின்றவன்தான் நான். ஆனால் வேதாகமத்தில் என்னைக் கேட்கட்டும். "பெருவெள்ளம் வந்தப்ப பேழையில ஏறினது மனுஷங்க எட்டே பேர். மத்தது அத்தனையும் மிருகம். கணக்குப் பாத்தா யாருக்கு மெஜாரிட்டி?" என்றேன்.

"அது வெள்ளத்துலேருந்து தப்பிச்சதுண்ணா. சாவுலேருந்து இல்ல" என்றாள்.

இவள் எப்போது இவ்வளவு படித்தாள்?

பிப்ரவரி 10, சனி

காலையில் காபியைக்கூடத் தொடாமல் வேதத்தைத் திறந்துவைத்துக்கொண்டிருந்தாள். கடைசிப் பக்கம். அந்தப் பொன் நகரத்துக்குள் யார் யார் போவார்கள், யார் யார் வெளியே நிற்பார்கள் என்று வருகிற இடம். வெளியே நிற்கிறவர்களில் முதலில் எழுதியிருப்பது நாய்கள். விரலை அதன் மேலேயே வைத்திருந்தாள்.

"பூனைன்னு இல்ல, மாடுன்னு இல்ல. நாயின்னே போட்டிருக்குண்ணா."

என் தொழில் கை கொடுத்தது. "அட, வெளியிலன்னா எதுக்கு வெளியில? கேட்டுக்கு வெளியில! நாயி வேற எங்க படுக்கும்? நான் எத்தனை கேட்டு போட்டிருக்கேன், எந்த வீட்டு நாயாவது கூடத்துலயா படுத்திருக்கு? அது டியூட்டி பாக்குதும்மா."

சிரிப்பாள் என்று பார்த்தேன். மூக்கை உறிஞ்சிக்கொண்டு புத்தகத்தை மூடினாள்.

மத்தியானம் அவள் மகள் போன் பண்ணினாள். வேறு ஊரில் நர்ஸ் வேலை, பேச்சில் ஊசி இருக்கும். "மாமா, அம்மா ரொம்ப ஒடைஞ்சுபோயிருக்காங்க. நீங்க பாட்டுக்கு எதையாவது அவிழ்த்து விட்டுடாதீங்க. அவங்க நம்பிருவாங்க."

நான் எப்போது எதை அவிழ்த்து விட்டேன்? இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு வாய் நீளம்.

பிப்ரவரி 13, செவ்வாய்

சபையின் பக்கவாட்டுக் கேட்டில் தாழ்ப்பாள் விட்டுப்போயிருந்தது. நானே வலியப் போய்ப் பற்றவைத்தேன். போதகர் நிழலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். என் வயதில் பாதி, ஆனால் பேச்சில் நிதானம். அது எனக்குப் பிடிக்காது, இருந்தாலும் மரியாதை உண்டு. முகமூடியைக் கழற்றிவிட்டு விஷயத்தைச் சொன்னேன். நாய்கள் வெளியே என்று போட்டிருக்கிறதே, அதையும் கேட்டேன்.

"அது கெட்ட நடத்தைக்காரங்களைத் திட்டற வார்த்தை மேஸ்திரி. நாலு கால் நாயை இல்ல. அம்மாகிட்ட அதை முதல்ல சொல்லுங்க."

"அப்ப உள்ள விடுவாங்களா?"

சிரித்தார். அப்புறம் சிரிப்பு நின்றுபோனது. "வேதம் மனுஷனோட மீட்பைப் பத்தித்தான் விவரமாப் பேசுது. மிருகத்தைப் பத்தி அங்கங்க ஜன்னலைத் திறந்து மூடின மாதிரி ரெண்டு வரி. ஓநாயும் ஆட்டுக்குட்டியும் ஒண்ணா இருக்கும்ங்குது. படைப்பு முழுசும் விடுதலைக்காக ஏங்குதுங்குது. ஆனா செத்த நாய் அங்க எழுந்திருக்கும்னு ஒரு இடத்துலயும் இல்ல. பெரியவங்கள்ல சிலபேரு இல்லவே இல்லைன்னாங்க. சிலபேரு இருக்கலாம்னாங்க."

"ஐயா, என் தங்கச்சிக்கு ஜன்னல் வேண்டாம். கதவு வேணும். உண்டா, இல்லையா? ஒரே வார்த்தை."

"தெரியாது. நம்பிக்கை வைக்கலாம். நிச்சயமாச் சொல்ல எனக்கு அதிகாரம் இல்ல."

நம்பிக்கை வைக்கலாம். அதைத்தான் வீட்டுக்குக் கொண்டுவந்தேன். ஆனால் கொண்டுவருகிற வழியில் அது வளர்ந்துவிட்டது. தெருமுனை திரும்பும்போது 'தாராளமாக நம்பலாம்' ஆனது. முதல் மாடியில் 'நிச்சயமாக நம்பலாம்'. மூன்றாவது மாடி வருவதற்குள் மூச்சு இரைத்ததில் பாதி வார்த்தை உதிர்ந்து, 'நிச்சயம்' மட்டும் கையில் நின்றது.

"போதகர் கண்ணை மூடிக்கிட்டு ஜெபம் பண்ணாரு. அப்புறம் மேசையை ஓங்கித் தட்டினாரு. 'மந்திரிக்கு அங்க இடம் உண்டு, போய்ச் சொல்லுங்க மேஸ்திரி'ன்னாரு" என்றேன்.

மேசையே அங்கே இல்லை. கதைக்கு ஒரு மேசை வேண்டியிருந்தது.

தங்கை முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். இது நல்ல அழுகை. எனக்கு வித்தியாசம் தெரியும்.

பிப்ரவரி 14, புதன்

டாக்டரம்மாவுக்கு அவளே போன் பண்ணித் திங்கட்கிழமை வரச் சொல்லிவிட்டாள். இரண்டு வேளையும் சாப்பிட்டாள். மந்திரியைத் தூக்கும்போது கனம் குறைந்த மாதிரி இருந்தது. சொல்வதைச் சொல்கிற விதத்தில் சொல்ல ஒரு ஆள் வேண்டும், அவ்வளவுதான்.

பிப்ரவரி 18, ஞாயிறு

எழுதவே கை வரவில்லை.

பாட்டு முடிந்து சாட்சி நேரம். யாருக்கு ஆண்டவர் என்ன நன்மை செய்தாரோ அவர்கள் எழுந்து நின்று சொல்லலாம். வழக்கமாக நான்தான் எழுவேன், போதகர் கடிகாரத்தைப் பார்ப்பார். இன்று நான் வேட்டியைச் சரி பண்ணுவதற்குள் பெண்கள் பக்கத்தில் ஒருவர் எழுந்துவிட்டார். பார்த்தால் என் தங்கை. இத்தனை வருஷத்தில் ஒரு தடவைகூட வாயைத் திறக்காதவள்.

"என் நாய் சாகக் கிடக்கு. அதுக்கு ஆத்துமா இல்லையோன்னு ஒரு வாரமா தவிச்சேன். அதுக்கும் பரலோகத்துல இடம் நிச்சயம்னு நம்ம போதகர் ஜெபம் பண்ணிச் சொல்லி அனுப்பினாங்க. ஆண்டவருக்கு ஸ்தோத்திரம்."

ஒருத்தரும் ஸ்தோத்திரம் சொல்லவில்லை. பின் பெஞ்சில் யாரோ, "அப்ப கொசுவும் வருமா ஐயா? அங்கயும் வலை கட்டணுமா?" என்றார்கள். சிரிப்பு பெஞ்சு பெஞ்சாக முன்னால் வந்தது. தங்கை உட்காரவில்லை. போதகர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவர் என்னைப் பார்த்தார். நான் பாட்டுப் புத்தகத்தைப் பார்த்தேன். தலைகீழாக வைத்திருந்தேன்.

"சிரிக்காதீங்க. நாமளும் பதில் தெரிஞ்சவங்க இல்ல" என்று முதலில் அவர்களை அடக்கினார். அப்புறம் மெதுவாக, "அம்மா, நம்பிக்கை வைக்கலாம்னு சொன்னேன். நிச்சயம்னு சொல்லல. சொல்ல முடிஞ்சிருந்தா எனக்கும் சந்தோஷமா இருந்திருக்கும்" என்றார்.

உட்கார்ந்தாள்.

வீட்டுக்கு வரும்போது முன்னால் நடந்தாள். நான் எட்டிப் பிடிக்கப் பார்த்தேன், முடியவில்லை. திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை. சோற்றை வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

எனக்கென்ன கெட்ட எண்ணமா? அவள் சாப்பிடட்டும் என்றுதானே... அந்த நாய்க்கும் வலி தீரட்டும் என்றுதானே. என் தோளும்தான். சரி, என் தோளும்தான்!

பிப்ரவரி 19, திங்கள்

டாக்டரம்மாவை வர வேண்டாம் என்று சொல்லிவிட்டாள்.

மந்திரி தண்ணீரையும் விட்டுவிட்டது. தூக்கினால் முனகுகிறது, கீழே வைத்தாலும் முனகுகிறது. எப்படிப் பிடித்தால் வலிக்காது என்று தெரியவில்லை. பட்டறையில் ஒரு பூ டிசைனைத் தப்பாக வளைத்துவிட்டேன். நான்!

தங்கை என்னிடம் பேசியது: "உப்பு போதுமா?"

பிப்ரவரி 21, புதன்

மத்தியானமே பட்டறையைப் பூட்டிவிட்டு வந்துவிட்டேன். நின்றுகொண்டிருக்கவே முடியவில்லை. தங்கை தரையில் உட்கார்ந்து ஈரத்துணியால் மந்திரியின் நாக்கைத் துடைத்துக்கொண்டிருந்தாள். நானும் கீழே உட்கார்ந்தேன். முட்டி இரண்டும் சத்தம் போட்டது.

திரும்பாமலேயே கேட்டாள். "அண்ணா, ஜோடிக்காம சொல்லு. உனக்கு என்ன தோணுது? இருக்கா, இல்லையா?"

வாய் நிறைய பதில் இருந்தது. பரலோகத்தில் வெள்ளைக் குதிரை வருகிறதே, குதிரைக்கு லாயம் உண்டென்றால் நாய்க்கு ஒரு மூலை கிடைக்காதா? ஆண்டவர் ராஜாவாக ஏறிவந்த கழுதையை வாசலிலேயே நிறுத்திவிடுவார்களா? போன வாரம் ஒரு சொப்பனம் கண்டேன் என்றுகூட ஆரம்பித்திருக்கலாம். எல்லாம் வரிசையில் நின்றன. மந்திரி என் கையை நக்கப் பார்த்தது. நாக்கு வரவில்லை.

"தெரியலம்மா" என்றேன்.

துணியைப் பிழிந்துவிட்டுத் திரும்பிப் பார்த்தாள்.

"உன் வாயிலேருந்து இந்த வார்த்தையை நான் கேட்டதே இல்ல."

"எனக்கும் புதுசாத்தான் இருக்கு."

சிரித்தாளா அழுதாளா, சொல்ல முடியவில்லை. "போதகருக்கும் தெரியல. எனக்கும் தெரியல. உனக்கே தெரியலன்னா அது நெசமாவே யாருக்கும் தெரியாததுதான்" என்றாள். அப்புறம் அதன் வயிற்றைப் பார்த்துக்கொண்டே, மெதுவாக: "ஆனா இதுக்கு அந்தப் பயம் இல்லண்ணா. செத்தா என்ன ஆவோம்னு இது யோசிக்கல. பயம் என்னோடது. வலி மட்டும்தான் இதோடது. என் பயத்துக்கு இதைப் படுக்க வச்சிருக்கேன்."

நான் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லாமல் இருப்பது எவ்வளவு களைப்பான வேலை!

"டாக்டரம்மாவைக் கூப்பிடு" என்றாள்.

பிப்ரவரி 23, வெள்ளி

பட்டறைக்குப் பின்னால், மழைத்தண்ணீர் தேங்காத இடமாகப் பார்த்துக் குழி வெட்டிவிட்டு வந்தேன். ஆளுயரம். சரி, இடுப்பளவு.

டாக்டரம்மா ஊசியை வைத்துக்கொண்டு காத்திருந்தார். "ஒரு நிமிஷம் ஜெபம் பண்ணிக்கறோம் டாக்டர்" என்றாள் தங்கை. நான் தொண்டையைச் செருமினேன்.

"நீ வேண்டாண்ணா. நீளமாயிடும்."

மந்திரியின் தலையை மடியில் வைத்துக்கொண்டாள். "ஆண்டவரே, இதுக்கப்புறம் இது எங்க இருக்கும்னு எனக்குத் தெரியாது. உமக்குத் தெரியும். செஞ்சது நீர்தான். உம்ம கைல குடுக்கறேன்." அங்கே நின்றாள். முடிந்தது என்று நினைத்தேன். முடியவில்லை. "சூடா எதையும் வைக்காதீங்க, ஆற வச்சாத்தான் தொடும். இடி இடிச்சா கட்டிலுக்கு அடியில போய் ஒளிஞ்சுக்கும், அப்ப திட்டாதீங்க, தானா வந்துரும். வலது காதுக்குப் பின்னாடி சொறிஞ்சு விட்டா தூங்கிடும். இடது காது பிடிக்காது."

'நீர்' என்று ஆரம்பித்தவள் பாதியில் 'நீங்க'வுக்கு மாறிவிட்டாள். பக்கத்து வீட்டில் சாவியைக் கொடுத்துவிட்டு ஊருக்குப் போகிறவள் விவரம் சொல்வது மாதிரி இருந்தது.

எனக்கு அடக்க முடியவில்லை. "ரொம்ப நல்ல நாய் ஆண்டவரே. யாரையும் ஒரு தடவைகூட கடிச்சதே இல்ல" என்றேன்.

"பால்காரரைக் கடிச்சுதே" என்றாள் கண்ணைத் திறக்காமல்.

"அதை ஏம்மா இப்ப அவருகிட்ட சொல்ற?"

டாக்டரம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டார். தங்கையின் விரல் வலது காதுக்குப் பின்னால் போய்க்கொண்டே இருந்தது. ஊசி போட்டதே தெரியவில்லை. முனகல் நின்றதும்தான் அது எத்தனை நாளாக வீட்டில் கேட்டுக்கொண்டிருந்தது என்று தெரிந்தது.

ஆமென் சொன்னோம். யார் முதலில் சொன்னது என்று ஞாபகமில்லை.

பிப்ரவரி 25, ஞாயிறு

ஆராதனைக்கு மணி அடித்துவிட்டது. தங்கை இன்னும் தூங்குகிறாள். வாயைத் திறந்துகொண்டு, சின்ன வயசில் தூங்குவாளே அந்த மாதிரி. எழுப்பவில்லை. சட்டையை மாட்டிக்கொண்டு நான் மட்டும் கிளம்புகிறேன். ஏன் வரவில்லை என்று போதகர் கேட்பார். காய்ச்சல், கடுமையான காய்ச்சல் என்று... வேண்டாம். தூங்குகிறாள் என்றே சொல்லிவிடலாம்.